சாலையில் விழுந்த மரங்களும் என் முதல் படமும்

எனக்கு நகைச்சுவை தெரியாது. இருபது வருடம் சிரிப்புப் படங்கள் எடுத்துப் பிழைத்தவன் இதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அது தெரிந்தவர் என் அண்ணன்.

வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்புக் கொல்லை. அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்துவிட்டு, வெட்டுக் காலத்தில் கரும்பும் மற்ற காலத்தில் இன்டர்வியூவும் என்று இருந்தார். ஒவ்வொரு இன்டர்வியூவுக்கும் போய்விட்டு வந்து, அங்கே நடந்ததை எங்களுக்கு நடித்துக் காட்டுவார். துண்டை மடித்து மேஜைமேல் ஃபைல் மாதிரி வைத்துக்கொள்வார். மூக்குக் கண்ணாடி இல்லாமலே கண்ணாடியைக் கழற்றுவார்.

"ஹையர் இருக்குதா? இருக்குது சார். ரெண்டுமா? ரெண்டும் சார். வயசு இருக்குதா? இருக்குது சார். அப்ப இன்னாதான்யா இல்ல? வேலதான் சார் இல்ல."

அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். கடைசியில் யாருக்கு அந்த வேலை போனது என்று யாரும் கேட்கமாட்டோம்.

நான் பி.ஏ.வை நடுவில் விட்டுவிட்டு கோடம்பாக்கம் போனேன். ஒரு காமெடி டைரக்டரிடம் ஒன்பது வருடம் உதவியாளனாக இருந்தேன். அங்கே நான் சொந்தமாகச் சொன்ன ஜோக் என்று ஒன்று இல்லை. எல்லாம் அண்ணன் வீட்டில் செய்து காட்டியவை. ஆளை மாற்றுவேன், ஊரை மாற்றுவேன், அவ்வளவுதான். டைரக்டர் என் முதுகில் தட்டுவார். நான் அண்ணனுக்கு எழுதுவேன். "என்னோடத எடுத்துக்கினு நீ பொழச்சா சரிதான்" என்று பதில் எழுதுவார்.

முதல் படம் எனக்குக் கிடைத்தபோது எண்பதுகளின் பின்பாதி. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜனங்கள் கொதித்துக்கொண்டிருந்த வருடங்கள். எங்கள் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலும் சங்கக் கூட்டம். கதை சாதாரணமானது. மலைமேல் இருக்கும் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர முடியாமல் தவிக்கும் குண்டு மாப்பிள்ளை. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் எடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். எனக்குத் தெரிந்த இடம். அப்போது பேர் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பருத்த நகைச்சுவை நடிகர் மாப்பிள்ளையாக ஒப்புக்கொண்டார்.

மலை ஏறுவதற்கு முன்தினம் வீட்டுக்குப் போனேன். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து அண்ணி உண்டாகியிருந்தார். நிறைமாதம். தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பை வைத்துக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அண்ணன் கோடரிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார்.

"நாளான்னிலேர்ந்து ஒரு வாரம் ரோடு இருக்காதுடா. மரத்த சாய்க்கப் போறோம். மெட்ராஸ்லேர்ந்து திருச்சி வரிக்கும் ஒரு வண்டி ஓடாது. நீ மலைமேலயே இருந்துடு. எறங்காத."

"அண்ணிக்கு இந்த நேரத்துல..."

"டாக்டரம்மா இன்னும் இருவது நாள் இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. ஒரு வாரம்தான? ஒரு வாரத்துல இன்னா ஆவப்போவுது?" காம்பைத் தரையில் தட்டிப் பார்த்தார். "நான் எத்தினி ஆபீஸ் ஏறி எறங்கி இருக்கறன். எவனாவது திரும்பிப் பாத்தானா? ரோடு நின்னாதான்டா பாப்பானுங்க."

அதில் நான் மறுத்துப் பேச ஒன்றுமில்லை. அவர் ஏறி இறங்கிய ஆபீஸ்களை வைத்துத்தானே நான் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி எழுந்து உட்கார்ந்து, "படம் எப்ப தம்பி வரும்?" என்றார். தைக்குள் வந்துவிடும் என்றேன். "அப்ப புள்ளைய மடில போட்டுக்கினுதான் பாப்பேன். அழுதா அவரு வெளிய தூக்கினு போவட்டும்" என்றார். அண்ணன் தலை நிமிராமல் சிரித்தார். அதுதான் அந்த வீட்டில் நான் கடைசியாகக் கேட்ட சிரிப்பு.

சொன்னதுபோலவே சாலை நின்றது. மலைமேல் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் நன்றாகவே ஷூட்டிங் நடந்தது. மூன்றாம் நாள் அரிசி தீர்ந்தது. ஊர்க்காரர்கள் சாமைச் சோறு ஆக்கிப் போட்டார்கள். எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் அரிசிக்காக மறுநாள் விடியலில் நடந்தே கீழே போனார். ஐம்பது வயது மனிதர். ஐந்தாம் நாள் மத்தியானம், கால் வீங்க, மலைக்காரர்கள் இருவர் தலையில் அரிசியோடு திரும்பி வந்தார்.

எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். வடக்கனந்தல் தாண்டிப் போய்த்தான் அரிசி கிடைத்தது என்றார். சாலை முழுக்கப் புளியமரம் கிடப்பதாகச் சொன்னார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்பது போல நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"ஒரு பொம்பளைய கட்டில்ல வச்சி தூக்கினு போனாங்க சார். பிரசவக் கேஸ் போல. மரம் வந்தா கட்டில எறக்குறாங்க. ரெண்டு பேரு மரத்துமேல ஏறிக்கினு இழுக்கறாங்க, ரெண்டு பேரு கீழேர்ந்து தள்ளறாங்க. கட்டில் இப்பிடி சாயுது, அப்பிடி சாயுது. அந்தம்மா கயித்த புடிச்சிக்கினு... பாக்க முடியல சார்."

கையால் கட்டிலின் சாய்வைக் காட்டினார். நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்ணை எடுத்துவிட்டு அந்தக் கட்டிலில் எங்கள் குண்டு மாப்பிள்ளையைப் படுக்கவைத்தேன். பட்டு வேட்டி, மாலை, கால் சுளுக்கு. தூக்குவதற்கு நான்கு மாமன்கள். ஒவ்வொரு மரத்துக்கும் ஒருமுறை உருண்டு விழுவார். கதையில் இரண்டாம் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. இதைப் போட்டால் நிமிர்ந்துவிடும் என்று தோன்றியது. மேனேஜர் சொல்லி முடிப்பதற்குள் நான் நோட்டை எடுத்துவிட்டேன்.

எட்டாம் நாள் இறங்கினோம். கச்சிராயபாளையத்துக்கு முன்னால் சாலையில் ஏழு மரங்கள் இன்னும் கிடந்தன. அறுத்து எடுக்க ஆட்கள் வந்திருந்தார்கள். சினிமா என்றதும் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, எடுத்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள். மாமன்களாக மலையிலிருந்து எங்களோடு வந்த நான்கு பேரையே நிறுத்தினேன். அவர்களுக்குத்தான் நடை சரியாக இருந்தது. முதல் ஒத்திகை முடிந்ததும் அவர்களில் மூத்தவர் என்னிடம் வந்தார்.

"எங்க ஆளுங்களுக்கு ஒடம்பு முடியலன்னா இப்பிடித்தாங்க தூக்கினு எறங்குவோம். பாதிப் பேரு வழியிலயே போயிடுவாங்க. இதுல சிரிக்கறதுக்கு இன்னாங்க இருக்குது?"

"கேமராவ பாக்காம நடங்க, போதும்" என்றேன்.

அவர் பார்க்காமல் நடந்தார். அந்த முகத்தில் சிரிப்பே இல்லாததுதான் காட்சிக்குப் பெரிய பலம் என்று பிற்பாடு ஒரு பத்திரிகை எழுதியது.

யூனிட் வேனைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, வாடகைச் சைக்கிளில் வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. எங்கள் கொல்லைக்குக் கரும்பு வெட்ட வருகிற காலனிக்காரர், மாட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தழையைக் கீழே போட்டுவிட்டு நின்றார்.

"பெரியவர மூணா நாளே புடிச்சிக்கினு போயிட்டாங்க. கடலூர் ஜெயில்னு சொல்றாங்க."

"அண்ணி?"

அவர் சொன்னார். நான்காம் நாள் காலையிலேயே வலி வந்திருக்கிறது. எங்கள் தெருவில் ஆண்பிள்ளை ஒருவர்கூட இல்லை. போலீஸ் வேன் வருகிறது என்று எல்லோரும் கரும்புக்குள் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் காலனிக்கு ஓடிப் போய் அழுதிருக்கிறாள். இவரும் இன்னும் மூன்று பேரும் வந்து, அண்ணி படுத்திருந்த அதே கட்டிலோடு தூக்கியிருக்கிறார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பதினொரு மரம்.

"ஒவ்வொரு மரத்துக்கும் ஏத்தி எறக்கனோம் சின்னவரே. ஒரு எடத்துல சாஞ்சிடுச்சி. கீழ வுழல, நான் புடிச்சிக்கினேன். ஒம்போதாவது மரத்துகிட்டயே கொழந்த பொறந்துடுச்சி. பையன். அழல. தட்டிப் பாத்தோம், தண்ணி தெளிச்சிப் பாத்தோம். அழவே இல்ல."

அண்ணியை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். ரத்தம் நிற்காமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். குழந்தையை ஏரிக்கரையில் இவரே புதைத்திருக்கிறார்.

நான் நாட்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். மேனேஜர் வடக்கனந்தலைத் தாண்டிப் போனது நான்காம் நாள். அவர் பார்த்தது வேறு யாரையாவதாகவும் இருக்கலாம். அந்த வாரம் எத்தனையோ கட்டில்கள் போயிருக்கும். அந்தப் பெண் என்ன புடவை கட்டியிருந்தாள் என்று அவரிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர் அதற்குப் பிறகு பதினைந்து வருடம் என்னோடு இருந்தார். நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணி கண்ணை மூடிக்கொண்டே, "அவருக்கு நீங்கதான் சொல்லணும் தம்பி" என்றார்.

கடலூருக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் முப்பது நாற்பது பேர், இந்தப் பக்கம் முப்பது நாற்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தாடியோடு முண்டியடித்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். முகம் நிறையச் சந்தோஷம். உள்ளே எல்லோரையும் இவர்தான் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தாராம். அது கூட இருந்த ஒருவர் பின்னாளில் சொன்னது. என்னைக் கண்டதும் அண்ணன் கத்திக் கேட்டார்.

"பொண்ணா, பையனா?"

"பையன்."

அவர் பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, "பையனாம்" என்றார். அந்த மனிதர் இவர் தோளில் அடித்தார். அண்ணன் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தனை கூச்சலில் அவர் கேட்டது எனக்கு உதட்டசைவில்தான் தெரிந்தது.

"எந்தப் பக்கம் தூக்கினு போனாங்க?"

"கள்ளக்குறிச்சி ரோட்லதான்."

அந்தச் சாலையில் எந்தெந்த மரம் அவர் வெட்டியது என்று அவருக்குத் தெரியும். தலையை ஆட்டினார். மணி அடித்ததும் உள்ளே போய்விட்டார்.

எடிட்டிங்கில் அந்தக் காட்சி ஓடியபோது எடிட்டர் சிரிப்பில் நாற்காலியிலிருந்து சரிந்தார். தயாரிப்பாளர் மூன்று முறை போடச் சொன்னார். இந்தக் காட்சி வேண்டாமே என்றேன். ஏன் என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் மனசு கஷ்டப்படுவார்கள் என்றேன். "படமே இதுதான்யா, போய்யா" என்றார். நான் கேட்டது அந்த ஒருமுறைதான். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த மனிதர் காட்சியை நீக்கியும் இருப்பார். அவருக்கும் ஒரு வீடு இருந்தது. ஒன்பது வருடம் காத்திருந்தவன் நான். படம் ஓடவேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது. இதை அழகாகச் சொல்ல வேறு வழி இல்லை.

படம் தைக்கு வந்தது. அண்ணன் ஜாமீனில் வந்திருந்தார். நீங்கள் வரவேண்டாம் என்று இருவரிடமும் சொன்னேன். அண்ணிதான் கேட்கவில்லை. "உங்க மொதப் படம், நாங்க வரலன்னா ஊர்ல இன்னா சொல்லுவாங்க?" என்றார். கள்ளக்குறிச்சியில் மேட்னி ஷோ. சங்கத்து ஆட்கள் பெரிய மாலையோடு வந்திருந்தார்கள். நம் ஊர்ப் பையன் எடுத்த படம் என்று தியேட்டர் முழுக்க விசில்.

இடைவேளைக்குப் பிறகு கட்டில் வந்தது. முதல் மரத்துக்கே கொட்டகை குலுங்கியது. நடிகரின் உடம்பு சரியும்போதெல்லாம் பின்வரிசையில் நாற்காலியைத் தட்டினார்கள். அந்த மரங்களைச் சாய்த்தவர்களே அங்கே பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் போராட்டம் சினிமாவில் வந்துவிட்டது என்று அவர்களுக்குப் பெருமை. ஜெயிலுக்குப் போய்வந்தவர்கள், தலை உடைந்தவர்கள், ஒரு நல்ல நாள் கிடைத்த மாதிரி வாய்விட்டுச் சிரித்தார்கள். நான் முன்சீட்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் நான்காவது மரத்தில் எழுந்து போய்விட்டார். அண்ணி போகவில்லை. இரண்டு கையும் மடியில் இருக்க, கடைசிவரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"எத்தினி மரம் தம்பி வச்சீங்க?"

"ஏழு, அண்ணி."

"எங்களுக்குப் பதினொன்னு."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கைச் சரிபார்ப்பது போலச் சொன்னார். பிறகு கூட்டத்துக்குள் அண்ணனைத் தேடிக்கொண்டு போனார். எதிரே பஸ் ஸ்டாண்டில், ஓரமாகத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார் அவர். மாலை போட வந்தவர்களோடு நான் தியேட்டர் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

படம் நூறு நாள் ஓடியது. அதற்குப் பிறகு என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் அதே மாதிரி இன்னொன்று கேட்டார்கள். கட்டிலுக்குப் பதில் பல்லக்கு, தொட்டி, கூடை. எடுத்தேன். மொத்தம் ஒன்பது படம். இரண்டாவது சுமாராகப் போனது. மற்றவை போகவில்லை. ஜோக் சொல்ல என்னிடம் ஆள் இல்லை என்பதுதான் உண்மை. அண்ணன் அதன்பிறகு யாரையும் நடித்துக் காட்டவில்லை. வீட்டுக்குப் போனால் கரும்பைப் பற்றியும் மழையைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசுவார். முன்பு சிரிக்கவைத்த மனிதர் உள்ளே எங்காவது இருப்பார் என்று நான் ஒவ்வொரு முறையும் பார்த்தேன். இல்லை.

கடைசியில் ஒதுக்கீடும் வந்தது. அப்போது அண்ணன் வேலைக்கு மனுப்போடும் வயதைத் தாண்டியிருந்தார். தெருவில் இரண்டு மூன்று பிள்ளைகள் கிளார்க்காகவும் வாத்தியாராகவும் போனார்கள். சொல்லிக்கொள்ள வந்த பிள்ளைகளுக்குத் திருநீறு வைத்து அனுப்பினார். அதில் ஒரு பையன் திருநாவலூரில் வேலைக்குச் சேர்ந்த அன்று, எல்லாம் இவர் போட்ட உழைப்புதான் என்று அந்தப் பையனின் அப்பா சொன்னார். அண்ணன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். காலனிக்காரர் வழியில் எதிரே வந்தால், அண்ணன் வரப்பை விட்டு இறங்கி அவருக்கு வழி விடுவார். எங்கள் ஊரில் அப்படி யாரும் செய்ததில்லை. ஆனால் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. இருதயம் நின்று, கரும்புக்குத் தண்ணீர் கட்டும்போது அண்ணன் வரப்பிலேயே இறந்தார்.

சென்னையில் எனக்கு வேலை இல்லாமல் போனபிறகு சங்கராபுரத்துக்கு வந்து ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். அந்தக் காட்சி மட்டும் சாகவில்லை. டி.வி.யில் வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. இப்போது எல்லோருடைய போனிலும் இருக்கிறது. டீக்கடையில் பையன்கள் காட்டிக் காட்டிச் சிரிக்கிறார்கள். அதில் சிரிக்காமல் நடக்கும் அந்த மலைக்காரரின் முகத்தை வெட்டி எடுத்து, எதற்கெல்லாமோ அனுப்பிக்கொள்கிறார்கள். நிறுத்த யாரிடம் போய்க் கேட்பது? உரிமை எத்தனையோ கை மாறிவிட்டது.

போன ஆடியில் அண்ணியைப் பார்க்கப் போயிருந்தேன். தனியாகத்தான் இருக்கிறார். கண் பார்வை கம்மியாகிவிட்டது. சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருடமாகச் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். மேனேஜர் பார்த்துவந்து சொன்னது, நான் நோட்டில் எழுதியது, எடிட்டிங்கில் நான் வாயை மூடிக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னேன். "அது நீங்களாத்தான் இருக்கும் அண்ணி. தெரிஞ்சிக்கக்கூடாதுன்னுதான் அவர நான் கேக்கல. என்ன மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் என் தட்டைப் பார்த்தார்.

"நீங்க எடுக்காம இருந்திருந்தா மட்டும் அது அழுதிருக்குமா தம்பி?"

நான் சோற்றைப் பிசைந்தேன். "ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனார்.

அவர் மன்னித்தார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. மன்னிக்கிற அளவுக்கு அது அவருக்குப் பெரிதாகவே பட்டிருக்கவில்லை. இத்தனை வருடம் நான் சுமந்தது அவருடைய துக்கத்தின் ஓரத்தைக்கூடத் தொட்டிருக்கவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன். மூன்றரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அடுத்த தடவை வரும்போது கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கிவரச் சொல்லி, பழைய மருந்துக் குப்பியை என்னிடம் கொடுத்தார். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடந்தேன்.